நைட் கார்டில் தடம் விழுந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள்

சென்ற வாரமும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதில் சொத்தை இல்லை, ஈறு நோய் இல்லை, அடிபட்டதும் இல்லை. கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல், மேலிருந்து வேர் வரை நெடுக்காகப் பிளந்திருந்தது. பாம்பன் தீவைச் சேர்ந்த, நாற்பதைத் தாண்டிய கடல் தொழிலாளி அவர். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்று தெரிந்து முன்பே அவருக்கு அளவெடுத்து நைட் கார்டு (night guard), அதாவது உறங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் அக்ரிலிக் உறை, செய்து கொடுக்கப்பட்டிருந்தது. அது எங்கே என்று கேட்டேன். வீட்டு பீரோவில் இருப்பதாகச் சொன்னார். "போட்டுத்தான் பார்த்தேன் டாக்டர். ஆனா கடிக்கிறது நிக்கலை. அதுலயே பல்லுத் தடம் விழுந்துபோச்சு. இது நமக்குச் சரிப்படாதுன்னு எடுத்து வச்சிட்டேன்" என்றார்.

இதே பதிலைக் கீழக்கரையிலிருந்து வரும் இல்லத்தரசியும் சொல்கிறார், மண்டபத்து ஆசிரியரும் சொல்கிறார், தொண்டியிலிருந்து பேருந்து ஏறி வரும் மளிகைக் கடைக்காரரும் சொல்கிறார். பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் கார்டுகளையும் வாய்க்குள் பிளந்துபோகும் பற்களையும் இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நைட் கார்டு, பல் கடிப்பதை நிறுத்துவதற்கான சாதனம் அன்று. கடிக்கும் விசை பல்லின் மீது இறங்காமல் தன் மீது வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்படுவது. பாம்பன் படகுத்துறையில் நிற்கும் படகுகளின் பக்கவாட்டில் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்காதவர் இந்தக் கரையில் இல்லை. அந்த டயர் அலையை நிறுத்துவதில்லை. படகும் படகும் உரசும்போது பலகைக்குப் பதிலாகத் தான் தேய்கிறது. தேய்ந்த டயரைப் பார்த்து இது வேலை செய்யவில்லை என்று அவிழ்த்து எறிந்துவிட்டு வெறும் பலகையோடு படகைக் கட்டும் படகுக்காரரை நான் கண்டதில்லை. அவர் வேறு டயர் கட்டுவார். கார்டின் மேல் பளபளவென்று தேய்ந்து தெரியும் தடமும் அப்படிப்பட்டதே. அந்தத் தடம் அங்கே விழாமல் இருந்திருந்தால் உங்கள் பல்லில் விழுந்திருக்கும்.

பல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் முகடுகளில், பல்லின் வெளிப்படலமான எனாமலின் தடிமன் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. ஆனால், முறிந்த எலும்பு கூடுவதுபோல அது கூடாது, தேய்ந்தால் மீண்டும் வளராது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அக்ரிலிக் தேய்ந்தால் மீண்டும் அளவெடுத்து இன்னொன்று செய்யலாம். எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நோயாளிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. "இதைப் போடுங்கள், கடிப்பது நின்றுவிடும்" என்று சொல்லிக் கொடுக்கும் பல் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய சாதனங்கள் உறக்கத்தில் பல் கடிப்பதைக் குணப்படுத்துகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், பல் தேய்மானத்தைப் பொறுத்தவரை பயன் இருக்கலாம் என்றும்தான் முடிவு கூறியது. கார்டு போட்ட முதல் சில வாரங்களில் தாடைத் தசையின் இயக்கம் குறைவதும் பிறகு பழைய நிலைக்கே திரும்புவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. அந்த முதல் சில வாரங்களில் கிடைத்த நிம்மதியை நம்பியவர்தான், மீண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் கார்டைக் கழற்றி வைக்கிறார். கொடுக்கும் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் கழற்றமாட்டார்.

பல் கடிப்பது பல்லில் தொடங்குவதே இல்லை. உறக்கத்தின் ஆழமற்ற கட்டங்களில் மூளை சில விநாடிகள் விழிப்பை நோக்கி எழுந்து மீண்டும் அமிழ்கிறது. அப்போது இதயத் துடிப்பு கூடி, அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் சுருங்கி விரிகின்றன. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாததுதான் காரணம் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையே நம்பியது. இன்று அந்தக் கருத்துக்கு இடமில்லை. ஆகவே, பல் கடிப்பதை நிறுத்துகிறேன் என்று யாராவது உங்கள் நல்ல பற்களை அராவ முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மன உளைச்சல், புகையிலை, மது, மாலைக்குப் பிறகும் தொடரும் டீ, காப்பி ஆகியவை இதைத் தூண்டிவிடும் என்பது தெரிந்ததே. படகுக் கடனும், எல்லையில் எப்போது என்ன நடக்குமோ என்ற அச்சமும் உள்ள இந்தக் கரையில், மன உளைச்சல் இல்லாமல் இருங்கள் என்று ஒருவருக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பீடியையும் இரவு டீயையும் குறைக்கச் சொல்ல முடியும், சொல்கிறேன்.

வயிற்றில் பூச்சி இருந்தால்தான் பல் கடிப்பார்கள் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது அவசியம். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தி, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். தவறாமல் கொடுங்கள். ஆனால் ஐம்பது வயதுக்காரர் பல் கடிப்பதற்காகப் பூச்சி மருந்து விழுங்கிக்கொண்டே இருப்பதால் அவர் பல் காப்பாற்றப்படப் போவதில்லை.

பல் கடிக்கும் எல்லோருக்கும் கார்டு வேண்டுமா என்றால், வேண்டாம். பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் உறக்கத்தில் பல் கடிப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலருக்கு எந்தச் சேதமும் ஏற்படுவதில்லை. மற்றபடி ஆரோக்கியமாக உள்ளவரிடம் இதை ஒரு நோயாகவே கருத வேண்டியதில்லை என்று 2018இல் இத்துறை அறிஞர்களின் சர்வதேசக் கருத்தொருமிப்பு அறிக்கையும் கூறியது. காலையில் எழும்போது பொட்டில் வலி, தாடை இறுக்கம், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் அச்சு, தட்டையாகத் தேய்ந்த கோரைப்பல், அடிக்கடி உடையும் அடைப்பு அல்லது கேப் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வந்து காட்டுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதும், மெல்லும்போது ஒரு குறிப்பிட்ட பல்லில் 'சுரீர்' என்று குத்துவதும் விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அலட்சியமாக இருக்காதீர்கள். நெடுக்கான விரிசல் பல நேரங்களில் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

எந்தக் கார்டு என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். இணையத்தில் வாங்கி, வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து வடிவம் கொடுத்துக்கொள்ளும் கார்டுகளோடு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் அவை பற்களில் ஒழுங்காக உட்காருவதில்லை. ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் இடைவெளி விடும். ரப்பர் போன்ற மென்மையான கார்டைச் சிலர் உறக்கத்தில் மென்றுகொண்டே இருப்பார்கள். 1987இல் ஓக்சன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவப் பேராசிரியர் பத்துப் பேரிடம் செய்த சிறிய ஆய்வில், கடினமான கார்டு போட்டபோது எட்டுப் பேருக்குத் தாடைத் தசையின் இயக்கம் குறைந்தது. மென்மையான கார்டு போட்டபோது ஐந்து பேருக்கு அது கூடியது. பத்தே பேரிடம் செய்த ஆய்வை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் கடுமையாகக் கடிப்பவருக்கு நான் மென்மையான கார்டு கொடுப்பதில்லை. முன்பற்களை மட்டும் மூடும் சிறிய சாதனங்களும் விற்கப்படுகின்றன. தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடக்கூடிய அளவு சிறியவை அவை. தொடர்ந்து போட்டால் மூடப்படாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலை வந்துவிடலாம். மகன் விளையாட்டுக்கு வாங்கிய கார்டைத் தந்தை போட்டுக்கொள்வதும், அண்ணனுக்குச் செய்ததைத் தம்பி போட்டுப் பார்ப்பதும் தயவுசெய்து கூடாது.

முறையாகச் செய்யப்படும் கார்டு ஒரே நாளில் முடிகிற வேலை அன்று. சொத்தைகளை அடைத்து, கட்ட வேண்டிய பல்லைக் கட்டி முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். பிறகு புதிதாக ஒரு கேப் போட்டால்கூடக் கார்டு உட்காராது. அச்சு எடுத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கும் நிலையைப் பதிவு செய்து லேபுக்கு அனுப்ப வேண்டும். வந்த கார்டை வாயில் வைத்து, பல் படும் இடத்தைக் காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் செய்து, எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவாகப் படும்வரை தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும், இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சரிசெய்யாமல் கையில் கொடுக்கப்படும் கார்டு தாடை மூட்டு வலியைக் கொண்டுவரும். என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கு இதைச் சற்று உரத்தே சொல்கிறேன். ஒரு சின்னக் குறையைச் சரிசெய்ய இராமேசுவரத்திலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு மறுபடியும் வரும் மனிதரிடம், பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

முதல் சில இரவுகளில் எச்சில் ஊறும், வாய் நிறைந்தாற்போல இருக்கும். ஓரிரு வாரங்களில் பழகிவிடும். காலையில் கழற்றியதும் சில நிமிடங்கள் பற்கள் பொருந்தாததுபோலத் தோன்றுவதும் இயல்பே; அது நீண்ட நேரம் நீடித்தாலோ, வலி இருந்தாலோ வந்துவிடுங்கள். பிளேடாலோ உப்புத்தாளாலோ நீங்களே தேய்க்காதீர்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு, காலையில் கரை வந்து மீனை இறக்கி, முற்பகலில் வீட்டில் படுப்பவர், பகல்தானே என்று கார்டு இல்லாமல் உறங்குகிறார். பகல் உறக்கத்திலும் பல் கடிப்பது வரும். எப்போது நீண்ட நேரம் உறங்குகிறீர்களோ அப்போது போட வேண்டும். படகில் மட்டும் வேண்டாம். பாதி உறக்கத்தில் எழுந்து ஓடும்போது கார்டைச் சட்டைப் பையில் திணிப்பீர்கள். வாந்தி வந்தால் அதோடு போய்விடும்.

காலையில் கழற்றிய உடனே குளிர்ந்த குடிநீரில் கழுவி, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது கீறல் போடும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். நம் பகுதியின் உவர்நீரில் கழுவினால் வெள்ளைப் படிவு கட்டும். காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். டிஷ்யூ தாளில் சுற்றி வைத்தால் அது குப்பைக்குப் போகும். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் போடாதீர்கள்.

குறட்டை பலமாக விடுபவர்கள், உறக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குபவர்கள், கார்டு கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களில் சிலருக்கு மேல்தாடைக் கார்டு அந்த அடைப்பைக் கூட்டிவிடலாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது உறக்கப் பரிசோதனை. ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ரலின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் சிலருக்குப் பல் கடிப்பைத் தூண்டும். மாத்திரையின் பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நானே பேசுகிறேன்.

பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குக் கார்டு கேட்டு வராதீர்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலோருக்குத் தானாகவே குறைந்துவிடும். வாயைத் திறந்து மூச்சுவிட்டுக் குறட்டை விடும் பிள்ளையை மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகலில் கார்டுக்கு வேலையில்லை, உங்களுக்குத்தான் வேலை. பாரம் தூக்கும்போதும் கயிறு இழுக்கும்போதும் தாடை இறுகுவது இயல்பு. வேலை முடிந்த பிறகும் தளராமல் இருப்பதுதான் சிக்கல். மெல்லாத நேரத்தில் உதடுகள் சேர்ந்திருக்க வேண்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். செல்போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் செலவழிக்க இயலாதவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டி ஆலோசனை கேளுங்கள். தொண்டி பக்கத்தவர்களுக்கு, 2023இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

விசைப்படகுத் தொழிலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நீங்கள் வீட்டில் உறங்குகிறீர்கள். சத்தம் வருகிறதா என்று வீட்டாரால் சொல்லவும் முடிகிறது. தடை தொடங்கியதும் அளவு கொடுத்துவிட்டால், கார்டு வந்த பிறகு இரண்டு முறையாவது வந்து சரிபார்த்துக்கொள்ள அந்த நாட்கள் போதும். கார்டை ஏற்கெனவே வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள், அது எந்த நிலையில் இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். திட்டமாட்டேன். அது உட்காருகிறதா என்று பார்த்து, உட்கார்ந்தால் சரிசெய்து தருகிறேன். இல்லையென்றால் மறுபடியும் அளவெடுப்போம்.