வானிலைச் செயலி போதாது, ஆற்றளவைப் பாருங்கள்

இந்தப் பருவத்தில் இப்படி ஏமாந்த மூன்றாவது குழு இது. நான்கு பேர், ஒரு வருடமாகப் பணம் சேர்த்து, விடுப்பு கேட்டு வாங்கி, பீக்காக் பாஸ் என்ற இரைதேடி மீனைப் பிடிக்க, பிரேசிலின் அமேசான் காட்டில் ஓடும் ரியோ நீக்ரோ ஆற்றுக்கு வந்திருந்தார்கள். ஆறு நாளும் நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வீசிப் பார்த்தும் கையளவு மீன்கள் சிலதான் கிடைத்தன. கடைசி நாள் மாலை அவர்களில் மூத்தவர் என்னிடம் கேட்டார்: "மழையே பெய்யலையே, அப்புறம் ஏன் மீன் இல்லை?"

எனக்கு முதல் நாள் காலையே தெரிந்துவிட்டது. முந்தின இரவு கரையோரம் நான் நட்டிருந்த குச்சியில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்து இறங்கியவர்களை அப்படியே திருப்பி அனுப்பவா முடியும்? பயணத்தை விற்றவர் பத்து நாள் முன்பே ஆற்றளவை, அதாவது ஆற்றின் நீர்மட்டத்தை, பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, இவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும் வரை தினமும் செயலியில் வானிலை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் தங்கும் இடத்தில் பெய்யும் மழைக்கும் அங்கே ஓடும் ஆற்றின் மட்டத்துக்கும் அநேகமாகச் சம்பந்தமே கிடையாது. ரியோ நீக்ரோவின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 7 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் எங்கோ ஒரு மூலையில், வேறு நாட்டு எல்லைக்குள் கூட, கொட்டிய மழை ஓடைகளில் இறங்கி, சிற்றாறுகளில் சேர்ந்து, காட்டுக்குள் பரவி நின்று, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நகர்ந்து உங்கள் படகுக்கு அடியில் வந்து சேர்கிறது. நீங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். மாறாக, தலைக்கு மேல் ஒரு மணி நேரம் அடித்து ஊற்றினாலும் குச்சியில் ஒரு விரல்கூட ஏறாமல் போகும். மழை விட்ட கையோடு மீன் நன்றாகக் கடித்த நாட்களும் எத்தனையோ உண்டு. மழையைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்தவர்களையும் கண்டிருக்கிறேன், வெயிலை நம்பி ஏமாந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டு பேரும் செய்தது ஒரே தவறு.

இன்னொரு விஷயம். ஆறு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை விட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். மெதுவாக, சீராக வடிந்துகொண்டிருக்கும் ஆறுதான் தூண்டில்காரருக்கு வேண்டியது. காட்டுக்குள் பரவியிருந்த தண்ணீர் வாய்க்கால்களுக்கும் ஏரிகளுக்கும் திரும்பும், சின்ன மீன்களுக்கு ஒளிய இடமில்லாமல் போகும், பெரிய மீன்கள் அவற்றைத் தேடிக் கரையோரம் வரும். அதே மட்டத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழ். நிலம் அவ்வளவு தட்டையானது என்பதால் ஒரு முழம் ஏறினாலே காட்டுக்குள் வெகு தூரத்துக்குப் புதிதாகத் தண்ணீர் நுழைந்துவிடும். இரை அங்கே போகும், பின்னாலேயே பீக்காக் பாஸும் போகும். மரங்களுக்கு நடுவே நீங்கள் தூண்டிலை எங்கே வீசுவீர்கள்?

வறண்ட பருவத்தின் நடுவிலேயே இப்படித் திடீரென்று ஏறி, சில நாளில் மறுபடி இறங்கும் ஏற்றத்துக்கு அமேசான்காரர்கள் 'ரெப்பிகெச்சி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு அடிக்கடி வரும் விஷயம் அது. ஆகவே "பருவம் செப்டம்பர் முதல் மார்ச் வரை" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். உங்களுக்குத் தேவை நீங்கள் போகும் வாரத்தின் நிலவரம். அதிலும் பசிபிக் கடல் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டென்றால், வட அமேசானில் வழக்கத்தை விட அதிக மழைக்கு வாய்ப்பு உண்டு. முன்பதிவு செய்யும்போதே இதையும் மனதில் வையுங்கள்.

அளவைத் தேடிப் பார்க்கும் சிலர் வேறொரு இடத்தில் தவறுகிறார்கள். ரியோ நீக்ரோ கரையில் இருக்கும் மனௌஸ் நகரத் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. இணையத்தில் முதலில் கிடைப்பதும் அந்த எண்தான். ஆனால் மனௌஸுக்குச் சற்றுக் கீழேயே ரியோ நீக்ரோ, சொலிமோயஸ் என்று அங்கே அழைக்கப்படும் பிரதான அமேசான் ஆற்றோடு கலக்கிறது. அந்தப் பெரிய ஆறு நிரம்பி வந்தால் நீக்ரோவின் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கும். எனவே அந்த எண்ணில் பாதிக் கதை சொலிமோயஸுடையது. மீன்பிடிக்கப் பலர் போகும் பார்செலோஸ் அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அதற்கான அளவைத் தனியாகப் பாருங்கள். பிரேசிலின் புவியியல் ஆய்வுத் துறை வாரந்தோறும் அமேசான் ஆறுகளின் நீர்மட்ட அறிக்கையை வெளியிடுகிறது. போர்த்துகீசிய மொழியில் இருந்தாலும் வரைபடத்தில் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்க மொழி வேண்டாம்.

சரி, தண்ணீர் குறையக் குறைய நல்லதுதானே என்று கேட்பார்கள். ஓர் அளவு வரைக்கும்தான். மனௌஸில் 2021 ஜூனில் 30.02 மீட்டர் தொட்ட ஆறு, 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கியது. மறுவருடம் அதற்கும் கீழே போனது. அப்படிப்பட்ட வறட்சியில் படகு தரைதட்டும், ஏரிகளின் வாய் அடைபடும், கரையோர ஊர்களுக்கே அரிசியும் மருந்தும் வந்து சேராது. 2023 வறட்சியில் பிரேசில் அமேசானில் உள்ள தெஃபே ஏரியில் தண்ணீரின் சூடு 39 டிகிரியைத் தாண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. அந்த மாதிரிச் சூட்டில் ஒரு மீனைப் பத்து நிமிடம் போராட வைத்து, மேலே தூக்கிப் படமும் எடுத்துவிட்டு, "விட்டுவிட்டேன், நீந்திப் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவு. கண்ணுக்குத் தெரிந்து நீந்திப் போன மீன் அப்புறம் பிழைத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். குஞ்சுகளைக் காத்துக்கொண்டு சுற்றும் ஜோடி தெரிந்தால் அங்கே வீசவே வேண்டாம். தாய் தகப்பனைத் தூக்கிய அந்த நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

ஏற்பாட்டாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கடந்த பத்து நாள் ஆற்றளவு என்ன? தண்ணீர் ஏறினால் வேறு கிளையாற்றுக்கு மாற்ற முடியுமா, அல்லது ஒரே இடத்தில் கட்டிப்போட்ட விடுதியா? தேதியை மாற்றினால் பணம் என்னாகும்? "எங்கள் இடத்தில் எப்போதும் மீன் உண்டு" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மீன் கிடைக்காமல் போனால் மனசு மட்டும்தான் கஷ்டப்படும். ஏறும் தண்ணீரில் உயிர் போகும். வெள்ளம் அடித்துவரும் மரக்கட்டைகள் பாதி மூழ்கி மிதக்கும், இருட்டில் தெரியாது, இரவில் படகு ஓட்டச் சொல்லி யாரையும் நச்சரிக்காதீர்கள். எந்த நாட்டு மலையாறாக இருந்தாலும், தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்து வர ஆரம்பித்தால், அல்லது ஓடும் சத்தம் மாறினால், தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். மணல் திட்டில் கூடாரம் போடுவதென்றால் திட்டின் உச்சியில் போடுங்கள். மேடான கரையோடு ஒட்டியிருக்கும் திட்டாகப் பாருங்கள், நடு ஆற்றில் தனித்து நிற்பது வேண்டாம். படகைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். படுக்கும் முன் தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, நடு இரவுக்கு அலாரம் வைத்து, டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து தூங்குங்கள்.