கோபுரத்தை விடுங்கள், தெருவைப் பாருங்கள்: நகரத்தை வைத்து குரோஷே போர்வை வடிவமைக்கும் முன்

ஏதாவது ஒரு நகரத்தை வைத்துப் போர்வை பின்னித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு கட்டடத்தின் புகைப்படத்தோடுதான் வருவார்கள். பார்சிலோனா என்றால் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தின் கோபுரங்கள். அதைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, கட்டத்துக்கு ஒரு சிங்கிள் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னலின் அடிப்படைத் தையல்) என்று பின்னிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. பின்னலாம்தான். ஆனால் கோபுரம் குள்ளமாகிவிடும்.

சிங்கிள் குரோஷே சதுரமான தையல் கிடையாது. உயரத்தைவிட அகலம் கொஞ்சம் கூடுதல். 10 செ.மீ.க்கு 14 தையல், 16 வரிசை வருகிறது என்று வையுங்கள். 112-க்கு 112 கட்டம் உள்ள படம் 80 செ.மீ. அகலமும் 70 செ.மீ. உயரமுமாக வந்து நிற்கும். மாதிரித் துண்டு பின்னி அளந்துவிட்டு வரைந்தால் இதைச் சரிசெய்யலாம். அப்படிச் சரிசெய்தாலும், மடித்து சோபாவில் போட்ட பிறகு அந்தக் கோபுரம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

அதனால் நான் நகரின் வரைபடத்தை எடுக்கச் சொல்வேன். பார்சிலோனாவின் எஷாம்ப்லா பகுதி குரோஷேக்கென்றே போட்டது போல இருக்கும். செர்தா என்ற பொறியாளர் வகுத்து 1859-இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. தெருக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டடத் தொகுதியும் சுமார் 113 மீட்டர் சதுரம், நான்கு மூலையும் சாய்வாக வெட்டப்பட்டது. பெரும்பாலான தெருக்கள் 20 மீட்டர் அகலம்.

இந்த விகிதத்தை அப்படியே கொண்டுவரலாம். தொகுதி 17 செ.மீ. என்றால் தெரு 3 செ.மீ. அதாவது ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி 1.5 செ.மீ. தெரு நிறக் கரை. இரண்டு சேரும்போது முழுத் தெரு. 6-க்கு 8 வைத்தால் 48 துண்டு, 120-க்கு 160 செ.மீ. போர்வை.

நுணுக்கம் மூலையில் இருக்கிறது. கிரானி ஸ்கொயரின், அதாவது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரத் துண்டின், கடைசிச் சுற்றில், மூலையில் 3 டபுள், 2 சங்கிலி, 3 டபுள் (தையல் பெயர்களை அமெரிக்க வழக்கில் சொல்கிறேன்; டபுள் சிங்கிளைவிட உயரம், டிரெபிள் அதைவிட உயரம்) என்று போடாமல் வெறும் 3 டபுள் போட்டால் மூலை வெட்டினாற்போல மழுங்கும். அப்புறம் தெரு நிறச் சுற்றில் அதே இடத்தில் 2 டிரெபிள், 2 சங்கிலி, 2 டிரெபிள் போட்டுச் சதுரத்தை மீட்க வேண்டும். இதை விட்டால் நான்கு துண்டு கூடும் இடத்தில் ஓட்டை விழும்.

நடுச் சுற்றுக்குப் பச்சை வையுங்கள். செர்தா தொகுதிகளின் உள்ளே தோட்டம் வரவேண்டும் என்றுதான் திட்டமிட்டார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலான இடத்தில் கட்டடமாக நிரப்பிவிட்டார்கள். போர்வையிலாவது இருக்கட்டும். நகரைக் குறுக்கே வெட்டும் டயகொனல் சாலையையும் சேர்க்க ஆசை வரும். அதற்காக முக்கோணத் துண்டுகளில் இறங்காதீர்கள். அந்தச் சாய்கோட்டில் வரும் துண்டுகளுக்கு மட்டும் வேறு நிறம் போதும்.

நூல் கணக்குக்கு ஒரு துண்டை முழுதாகப் பின்னி, எடை போட்டு, 48-ஆல் பெருக்கி, பத்து சதவீதம் கூட்டுங்கள். தெரு நிறம் போர்வை முழுக்க ஓடுவதால், அந்த நூலையாவது ஒரே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலாக) மொத்தமாக வாங்கிவிடுங்கள். இடையில் தீர்ந்து வேறு சாயத் தொகுதியில் வாங்கினால், பகல் வெளிச்சத்தில் பாதி நகரம் வேறு நிறத்தில் தெரியும். துண்டுக்கு மூன்று நிறம் என்றால் 288 நூல்முனைகளை உள்ளே கோத்து மறைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கையோடு செய்துவிட்டால் பிழைத்தீர்கள். அக்ரிலிக் நூலாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைக்காதீர்கள். இழை உருகித் தட்டையாகிவிடும், திரும்ப எழாது.

பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடி மூச்சு முட்டலாம். இடைவெளி உள்ள பின்னலில் பிஞ்சு விரலும் மாட்டிக்கொள்ளும். பின்னித் தருகிறேன், ஆனால் தொட்டிலில் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் தரையில் விரித்துக்கொள்ளலாம்.