கருத்துக்கணிப்பா, வாக்கெடுப்பா?

அமெரிக்காவில் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்க ஊரார் ஓட்டுப் போடும் காலம் வந்தால், கூடவே தமிழ்த் துண்டறிக்கையும் வந்துவிடும். அதில் தவறாமல் இருக்கும் தொடர், "பள்ளிப் பத்திரக் கருத்துக்கணிப்பு". ஆங்கிலத்தில் இருக்கும் 'ஸ்கூல் பாண்ட் ரெஃபரெண்டம்' என்பதற்கு இதுதான் தமிழாம். இந்த முறை எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு அம்மா கேட்டேவிட்டார்: "கருத்துக்கணிப்புதானே, போடலேன்னா என்ன ஆயிடப் போவுது?" தபாலில் வந்த ஓட்டுச்சீட்டு உறை பிரிக்காமலே குப்பைக்குப் போயிருந்தது.

அவர் மேல் பிழையில்லை. கருத்துக்கணிப்பு என்றால் தமிழருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தேர்தலுக்கு முன்னால் ஆயிரம் பேரைக் கேட்டு டிவியில் சொல்வார்கள், முடிவு வந்ததும் மறந்துவிடுவார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ரெஃபரெண்டம் கட்டுப்படுத்தும். ஜெயித்தால் பள்ளி மாவட்டம், அதாவது அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். இருபது, முப்பது வருடம் வீட்டு வரியில் சேர்த்து வசூலித்து அடைக்கும்.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'ரெஃபெரெ' என்றால் திரும்பக் கொண்டுபோவது. ரெஃபரெண்டம், கொண்டுபோய்க் கேட்கவேண்டியது. அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்துக் கூட்டமைப்பின் அவைக்குப் போன தூதர்கள், தாங்களாக முடிவெடுக்காமல் தங்கள் கன்டோனிடம் (அங்கே மாநிலத்துக்கு அதுதான் பெயர்) கேட்டுவிட்டு வருவார்கள். 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கூட்டாட்சிச் சட்டங்களின் மீதே மக்கள் வாக்கைக் கோரும் உரிமை வந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, விஸ்கான்சின், மினசோட்டாவில் பள்ளிக் கடனுக்கும் ரெஃபரெண்டம் என்றே பெயர். மேற்குக் கடலோர மாநிலங்களில் மெஷர், ப்ரொபோசிஷன் என்பார்கள். பண்டம் ஒன்றுதான்.

இனி தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் 'குடியொப்பம்'. நான் தனித்தமிழுக்கு விரோதியல்ல. பேருந்தும் மின்னஞ்சலும் என் வாயில் சரளமாக வரும். ஆனால் இந்தச் சொல் இடிக்கிறது. ஒப்பம் என்றால் சம்மதம், கையெழுத்து. கேள்வி கேட்கும்போதே பதிலையும் சொல்லிவிடுகிறது இது. தோற்றுப்போனால் எப்படி எழுதுவீர்கள்? "குடியொப்பம் தோற்றது" என்றா? சம்மதம் கிடைக்காத சம்மதம்! வேண்டாம் என்று கதவு கதவாகப் போய்ச் சொல்பவரை "குடியொப்ப எதிர்ப்பாளர்" என்றால், அவர் ஓட்டு நடப்பதையே எதிர்ப்பதாக ஆகிவிடும். அவர் எதிர்ப்பதோ கடனை. ஓட்டை வைத்துத்தான் எதிர்க்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. "பள்ளிக்குக் குடியொப்பம்" என்ற தலைப்பைத் தெருவில் உரக்கப் படித்துப் பாருங்கள். குடி என்றால் இன்று முதலில் என்ன நினைவுக்கு வருகிறது?

இலங்கைத் தமிழர் இந்தத் தொல்லையில் மாட்டவில்லை. 1982 டிசம்பர் 22 அன்று, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று 'ஆம்' என்பதற்கு விளக்கும் 'இல்லை' என்பதற்குப் பானையும் சின்னமாக நடந்ததை 'சர்வஜன வாக்கெடுப்பு' என்றே எழுதினார்கள். சர்வஜன வடமொழி என்று முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். வாக்கெடுப்பு என்ற உயிர் அதில் இருக்கிறது. ஒரு பள்ளி மாவட்டத்துக்கு சர்வஜனம் கொஞ்சம் பெரிய தொப்பி, அவ்வளவுதான்.

'பத்திரம்' வேறு கதை. பத்திரம் என்றால் நமக்குப் பதிவாளர் அலுவலகம், இல்லையேல் "பத்திரமா போயிட்டு வா". பள்ளியின் நிலப் பத்திரத்துக்கு ஏன் ஓட்டு என்று ஒருவர் என்னைக் கேட்டார். 'கடன்' என்ற மூன்றெழுத்தைச் சேர்க்க என்ன தயக்கம்? வேண்டும் என்பவர்களுக்கு அந்தச் சொல் கசக்கலாம். ஆனால் எதிர்ப்பவர்களின் வாதமே அதில்தான் நிற்கிறது. ஓய்வூதியத்தில் இருப்பவர், பிள்ளைகள் படித்து முடித்துப் போனவர், வீட்டு வரி ஏறி மூச்சு முட்டுபவர் எல்லாரும் பேசுவது தொகையைப் பற்றி. இவர்களை "கல்விக்கு எதிர்ப்பு" என்று தலைப்பிடுவது மொழிபெயர்ப்பில் சேராது, திட்டுவதில் சேரும்.

முடிவை எழுதும்போதும் இதே அவசரம். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிக் கடனுக்கு 60 விழுக்காடு 'ஆம்' ஓட்டு வேண்டும். ரெட்மண்ட், கர்க்லண்ட் பக்கத்து லேக் வாஷிங்டன் பள்ளி மாவட்டம் 2014இல் இரண்டு தடவை கேட்டது, முதலில் 75.5 கோடி டாலர். இரண்டு தடவையும் பாதிக்குமேல் 'ஆம்' என்றார்கள். இரண்டு தடவையும் தோற்றது. இதைத் தமிழில் "பெரும்பான்மை மக்கள் நிராகரித்தனர்" என்றால் பச்சைப் பொய். "60 எட்டவில்லை" என்றால் போதும். 2016இல் 39.8 கோடி கேட்டபோது கிடைத்தது.

ஆகவே என் ஓட்டு 'பள்ளிக் கட்டடக் கடன் வாக்கெடுப்பு' என்பதற்கு. நீளம்தான். ஆனால் எதற்கு, எப்படி, யார் தலையில் என்று எதுவும் ஒளியவில்லை. நாடு முழுக்க நடந்தால் பொதுவாக்கெடுப்பு.

துண்டறிக்கைக்காரர்களுக்கு இதை எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "நன்றி சார், மாத்திட்டோம்." திறந்து பார்த்தேன். 'கடன் வாக்கெடுப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், கருத்துக்கணிப்பு.