அறியாமல் செய்த பாவம்: லேவியராகமம் 4, 5 அதிகாரங்கள் உண்மையில் என்ன கேட்கின்றன?

"தெரியாமல்தானே செய்தேன், அதெல்லாம் கணக்கில் வராது" என்று கடந்துபோகிறவர்கள் ஒரு பக்கம். "எனக்கே தெரியாத ஏதோ பாவம்தான் இந்தக் குடும்பத்தை வாட்டுகிறது" என்று பயந்து, ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாக ஏறி இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். வேதபாட வகுப்புகளில் இரு தரப்பும் கையில் எடுப்பது லேவியராகமம் 4, 5 அதிகாரங்களைத்தான். பெரும்பாலும் இரு தரப்புமே அவற்றைப் பாதி வாசித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

பாவநிவாரண பலிக்கான கடமை எப்போது தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். சபை தவறினால், அந்தப் பாவம் தெரியவரும்போது (4:14). தலைவன் தவறினாலும் (4:23), சாதாரண ஜனங்களில் ஒருவன் தவறினாலும் (4:28) அதே நிபந்தனைதான். தெரியாமல் இருந்த நாட்களில் அவன் குற்றமற்றவன் என்று நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. தெரியாததையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு வா என்றும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு பலியோடு வா என்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்குப்போலத் தோன்றுவது 5:17-19. அங்கே ஒருவன் அறியாதிருந்தும் குற்றவாளி என்று சொல்லி, ஓர் ஆட்டுக்கடாவைக் கேட்கிறது. யூத ரபிகள் இதைக் குறிப்பான சந்தேகத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஒருவன் முன்னால் இரண்டு கொழுப்புத் துண்டுகள். ஒன்று உண்ணலாம், மற்றது விலக்கப்பட்டது. ஒன்றைத் தின்றுவிட்டான், எதைத் தின்றான் என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்தப் பலி என்கிறது ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதே மிஷ்னாவில் பாபா பென் பூட்டா என்பவரைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு: சந்தேகத்துக்கான அந்தக் குற்றநிவாரண பலியை அவர் தினந்தோறும் செலுத்துவாராம், ஆண்டுக்கொருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளுக்கு மறுநாள் மட்டும் விட்டுவிட்டு. பக்திமானாகத்தான் அவரைச் சொல்கிறார்கள். ஆனாலும் எல்லாரும் அப்படிச் செய்யவேண்டும் என்று சட்டம் ஆக்கவில்லை.

இனி செய்முறை. அபிஷேகம்பண்ணப்பட்ட ஆசாரியன் தவறினாலும் முழுச் சபை தவறினாலும் இளங்காளை. தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா. சாதாரணமானவனுக்கு வெள்ளாட்டிலோ செம்மறியிலோ ஒரு பெண்குட்டி. எல்லாமே பழுதற்றவையாக இருக்கவேண்டும். பதவி உயர உயர மிருகத்தின் மதிப்பு ஏறுகிறது. இரத்தம் உள்ளே போகும் தூரமும் கூடுகிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை.

சாதாரணமானவன் தன் ஆட்டின் தலைமேல் ஒரு கையை வைத்து, சர்வாங்க தகனபலி கொல்லப்படும் இடத்தில், அதாவது பலிபீடத்தின் வடபுறத்தில், அதைத் தானே கொல்லவேண்டும். ஆசாரியன்தான் கொல்வான் என்று ஞாயிறு பள்ளிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நினைக்கிறார்கள். ஆசாரியனின் வேலை இரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவன் விரலால் இரத்தத்தை எடுத்துத் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதியை அதன் அடியில் ஊற்றுவான். குடல்களை மூடிய கொழுப்பு, இரண்டு குண்டிக்காய்கள், அவற்றின் மேலுள்ள கொழுப்பு, ஈரலின்மேல் இருக்கிற ஜவ்வு ஆகியவை பலிபீடத்தில் எரியும்.

ஆசாரியனுக்கும் சபைக்குமான காளையில் இரத்தம் ஆசரிப்புக் கூடாரத்துக்குள்ளேயே போகிறது. திரைச்சீலைக்கு எதிரே ஏழுதரம் தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதியை வெளியே தகனபலிபீடத்தின் அடியில் ஊற்றவேண்டும். சபையின் காளைமேல் மூப்பர்கள் கைவைக்கிறார்கள்.

இந்த அதிகாரத்தில் ஒரு துளி இரத்தமும் பாவம் செய்தவன்மேல் பூசப்படுவதில்லை என்பதை வைத்து, இந்தப் பலி பரிசுத்த ஸ்தலத்தின் தீட்டைத்தான் கழுவுகிறது என்று வாதிட்டார் யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010). சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த விளக்கவுரையாளர்கள் பலர் இதை முழுதாக ஏற்பதில்லை. அவனுக்கு மன்னிக்கப்படும் என்ற வாக்கு இதே அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே என்பார்கள். இரண்டும் வசனத்தில் இருக்கின்றன என்பதே எங்கள் எண்ணம். நடைமுறையில் மில்க்ரோமின் கவனிப்பு ஒரு தவறான போதனையைத் தடுக்கும். பிரசவித்த பெண்ணும் பாவநிவாரண பலி செலுத்தினாள் (12:6). அதைக் காட்டிப் பிள்ளைபெறுவதைப் பாவமாகப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பலி தீட்டுக்கானது. அவள் எந்தக் கட்டளையையும் மீறவில்லை.

மாம்சத்தை என்ன செய்வது என்பதில்தான் முறை அடிக்கடி பிசகக்கூடும். விதி 6:24-30-இல் இருக்கிறது. இரத்தம் கூடாரத்துக்குள் போகாத பலியின் மாம்சத்தை ஆசாரியன் பரிசுத்த இடத்தில் புசிக்கவேண்டும். இரத்தம் உள்ளே போன பலியைப் புசிக்கவே கூடாது. காளையின் தோல், மாம்சம், தலை, தொடைகள், குடல்கள், சாணி எல்லாவற்றையும் பாளயத்துக்குப் புறம்பே, சாம்பல் கொட்டுகிற சுத்தமான இடத்தில் சுட்டெரிக்கவேண்டும். மாம்சம் வேவித்த மண்பாண்டத்தை உடைக்கவேண்டும். செப்புப்பானையானால் விளக்கித் தண்ணீரால் கழுவினால் போதும்.

பிசகியதற்கு உதாரணம் 10-ஆம் அதிகாரத்திலேயே வருகிறது. நாதாபும் அபியூவும் மாண்ட அதே நாளில், புசிக்கவேண்டிய வெள்ளாட்டுக்கடாவை ஆரோனின் மற்ற இரு குமாரரும் எரித்துவிட்டார்கள். மோசே எலெயாசார்மேலும் இத்தாமார்மேலும் கோபப்பட்டார். இதன் இரத்தம் உள்ளே கொண்டுவரப்படவில்லையே என்றார். ஆரோன் பதில் சொன்னார்: எனக்கு இப்படி நேரிட்ட நாளில் நான் அதைப் புசித்திருந்தால் அது கர்த்தருக்கு நன்றாய்த் தோன்றுமோ? மோசே அதைக் கேட்டு அமைதியானார். சடங்கு விதிகள் நிறைந்த புத்தகத்தில், துக்கத்தில் இருப்பவனின் பதிலுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருப்பது யோசிக்கத்தக்கது.

இந்த எரிப்பு விதி தெரியாமல் எபிரெயர் 13:11-12-ஐ வாசித்தால் பாதி அர்த்தம் போய்விடும். பரிசுத்த ஸ்தலத்துக்குள் எந்த மிருகத்தின் இரத்தம் போகிறதோ அதன் உடல் பாளயத்துக்குப் புறம்பே எரிக்கப்பட்டது. அதனால்தான் இயேசுவும் நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று அந்த நிருபம் பொருத்துகிறது. ஆகவே சாதாரண ஜனத்தானின் பெண்குட்டிக்கு அங்கே இடமில்லை. ஒப்பிடப்படுவது ஆசாரியனுக்காகவும் சபைக்காகவும் பாவநிவிர்த்தி நாளிலும் கொல்லப்பட்ட உயர்வகைப் பலிதான்.

ஏழைகளுக்கு 5-ஆம் அதிகாரம் இரண்டு படிகள் இறங்குகிறது. ஆட்டுக்குட்டிக்கு வகையில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம்: ஒன்று பாவநிவாரண பலிக்கு, மற்றது சர்வாங்க தகனபலிக்கு. அதற்கும் முடியாதவன் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவருவான், ஏறக்குறைய 2 லிட்டர். அதில் எண்ணெய் வார்க்கக்கூடாது, தூபவர்க்கம் போடக்கூடாது. ஆசாரியன் ஒரு கைப்பிடி எடுத்து எரிப்பான், மீதி அவனுக்கு. வனாந்தரத்தில் ஒருவன் ஒரு நாளைக்கு எடுத்த மன்னாவின் அளவும் எப்பாவில் பத்தில் ஒரு பங்குதான் (யாத்திராகமம் 16:16, 36). ஆக, பரம ஏழையின் பாவநிவிர்த்திக்கு உச்சவரம்பு ஓர் ஆளின் ஒருநாள் சாப்பாடு. எபிரெயர் 9:22 'கொஞ்சங்குறைய' எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வதற்கு இந்த மாவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெரியாத பாவத்தின் சாபக்கட்டை உடைக்க ஆயிரக்கணக்கில் விசேஷ காணிக்கை கேட்கிறவர்களிடம் இந்தப் பகுதியைத் திறந்து காட்டுங்கள். லேவியராகமமே ஏழையிடம் இரண்டு லிட்டர் மாவுக்குமேல் கேட்கவில்லை. கிறிஸ்து ஒரேதரம் பலியானார் என்று பிரசங்கிக்கிறவர் அதைவிட அதிகமாகக் கேட்க நியாயமே இல்லை.

பிறருக்கு நஷ்டம் உண்டானால் கணக்கு மாறுகிறது. கர்த்தருக்குரிய பரிசுத்தமானவற்றில் அறியாமல் கைவைத்தவன் ஓர் ஆட்டுக்கடாவோடு, நஷ்டத்தையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கவேண்டும் (5:15-16). அடைக்கலமாக வைத்த பொருளை மறுத்தல், பறித்தல், கண்டெடுத்ததை மறைத்துப் பொய்யாணை இடுதல் ஆகியவற்றுக்கும் அதே கணக்கு (6:1-7). ஆயிரம் ரூபாய் என்றால் ஆயிரத்து இருநூறு, அதுவும் உரியவன் கையில். வாங்கிக்கொள்ள உரியவனோ உறவினனோ இல்லாவிட்டால் ஆசாரியனுக்குப் போகும் (எண்ணாகமம் 5:8). பில்லில் தவறாக வாங்கிய தொகை, பழுதான தராசு, கணக்குப் பிழையால் குறைந்த கூலி என்று பின்னால் தெரியவந்தால், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வது வேதமுறை அல்ல. திருப்பிக் கொடுங்கள்.

6:1-7-இல் வருபவை தெரிந்தே செய்தவை என்பதையும் கவனியுங்கள். 'பழைய ஏற்பாட்டில் வேண்டுமென்று செய்ததற்கு மன்னிப்பே இல்லை' என்ற பேச்சு அதனால் அடிபடுகிறது. எண்ணாகமம் 15:30 துணிகரமாய்ச் செய்கிறவனைத் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோகச் சொல்கிறது, உண்மை. ஆனால் உணர்ந்து அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுத்தவனுக்கு வழி இருந்தது. பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து அறிக்கையிட்டது எல்லா அக்கிரமங்களையும் மீறுதல்களையும்தான் (லேவியராகமம் 16:21).

மறைந்திருப்பவற்றுக்கு என்ன செய்வது? தாவீது பட்டியல் போடவில்லை. "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று ஒரே வரியில் கேட்டு நகர்கிறார் (சங்கீதம் 19:12). ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நற்கருணைக்கு முந்திய ஜெபத்தில் அறிந்தும் அறியாமலும் செய்தவை ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில், நல்ல மனதோடு பாவசங்கீர்த்தனம் செய்தவர் மறந்துபோன பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன. கனமான ஒன்று பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லவேண்டும். சொன்னதையே வாரந்தோறும் சொல்லியும் நிம்மதி வராமல், தூக்கமும் சாப்பாடும் கெடுகிறவர்களுக்கு இன்னுமோர் உபவாசத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். அது எண்ண சுழற்சி நோயாக (OCD) இருக்கக்கூடும். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மிகக் கனமானது, கைப்பிசகாக ஓர் உயிர் போய்விடுவது. வாகனம் ஓட்டியவர், மருந்து மாற்றிக் கொடுத்தவர் வந்து உட்காரும்போது 'உன் தப்பு இல்லை' என்று அவசரப்பட்டுச் சொல்வது எடுபடாது. முதலில் பிரித்துப் பாருங்கள். கோடரி காம்பைவிட்டுக் கழன்று ஒருவன்மேல் பட்டது (உபாகமம் 19:5) ஒரு வகை. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தது (22:8) வேறு. அங்கே இரத்தப்பழி வீட்டின்மேல் வருகிறது. குடித்துவிட்டு ஓட்டியதும், பிரேக் பழுது தெரிந்தே வண்டியை எடுத்ததும் இரண்டாம் வகை. முதல் வகைக்காரனுக்கு யோர்தானின் இருபுறமும் மும்மூன்றாக ஆறு அடைக்கலப்பட்டணங்கள் இருந்தன. அவனைக் கொலைகாரன் என்று யாரும் கொல்லக்கூடாது. அவனும் எதுவுமே நடக்காததுபோல ஊர் திரும்பக்கூடாது, பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை. 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பேசில், வேண்டுமென்று கொன்றவனை 20 ஆண்டுகளும் தவறுதலாகக் கொன்றவனை 10 ஆண்டுகளும் நற்கருணையிலிருந்து விலக்கிவைத்தார். இன்று அந்தக் கால அளவுகளை யாரும் அப்படியே கேட்பதில்லை. ஆனால் அந்த மனிதருக்குச் செய்ய ஏதாவது வேண்டும்: இறந்தவரின் குடும்பத்தாரைச் சந்திக்க அவர்கள் சம்மதித்தால் சந்திப்பது, வழக்கில் உண்மையைச் சொல்வது, நஷ்டஈட்டை இழுத்தடிக்காமல் கொடுப்பது. சபையும் அதுவரை அவரோடு உட்கார்ந்திருக்கவேண்டும். ஒரே ஞாயிற்றில் ஜெபித்து அனுப்பிவிடுகிற விஷயம் இல்லை அது.