தலைக்கு மேலே பறந்தும் திரையில் தெரியாத விமானம்

வீட்டுக்கு மேலே விமானம் இரைந்துகொண்டு தாழ்வாகப் போகிறது. ஜன்னலில் நின்று பார்த்தால் சக்கரங்கள் இறங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. ஆனால் மேசைமேல் இருக்கும் திரையில் அந்த விமானம் இல்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போகும் இன்னொன்று மட்டும் தவறாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. விமானங்கள் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பிடித்து அவை எங்கே பறக்கின்றன என்று திரையில் காட்டும் நிலையத்தை வீட்டில் அமைத்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு முதலில் கேபிளைச் சந்தேகித்தேன், பிறகு ஆன்டெனாவை. கோளாறு இருந்த இடம் வேறு: ‘எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது’ என்று நினைத்து 49.6-இல் வைத்திருந்த கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு.

விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ கருவி அதன் அடையாளம், இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானாகவே ஒலிபரப்புகிறது. ஏடிஎஸ்-பி என்பது இதுதான். ஒரு செய்தியில் 112 பிட்கள். முன்னால் வரும் அடையாளத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோவினாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மைக்ரோவினாடி. அதன் முதல் பாதியில் துடிப்பு இருந்தால் 1, இரண்டாம் பாதியில் இருந்தால் 0.

இதைப் பிடிக்கப் பெரும்பாலோர் பயன்படுத்துவது, தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சிறிய யூஎஸ்பி கருவியின் வழிவந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர். அதற்குள் இரண்டு சில்லுகள். ஒன்று ட்யூனர், ஆன்டெனாவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது அதன் வேலை. அந்தப் பெருக்கத்தின் அளவுதான் கெயின். இன்னொன்று, பெருக்கிய சிக்னலை எண்களாக மாற்றுகிறது. அதற்கு இருப்பது 8 பிட், அதாவது 256 படிகள் மட்டுமே. சிக்கல் முழுவதும் இந்த 256-இல்தான் இருக்கிறது.

சிக்னல்களின் வலிமையை ஒப்பிடும் அளவு டெசிபல். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்ற கணக்கில், 8 பிட் என்பது சுமார் 48 டெசிபல் உயரமுள்ள ஒரு ஜன்னல்; அதற்குள் விழும் சிக்னலை மட்டுமே சரியாக அளக்க முடியும். இனி வானத்தைப் பார்ப்போம். தூரம் இரட்டித்தால் சிக்னல் 6 டெசிபல் குறையும். 2 கிலோமீட்டரில் தரையிறங்கும் விமானத்துக்கும் 400 கிலோமீட்டரில் அடிவானத்தைத் தொடும் விமானத்துக்கும் தூரத்தில் 200 மடங்கு வித்தியாசம், டெசிபலில் 46. டிரான்ஸ்பாண்டர்களின் ஆற்றலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 125 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் இடையே இன்னும் 6 டெசிபல் இருக்கிறது. போதாததற்கு, மிக மெல்லிய சிக்னலும் இரைச்சலைவிட (எப்போதும் இருக்கும் பின்னணி ரேடியோ சலசலப்பைவிட) சில டெசிபலாவது மேலே எழுந்தால்தான் புரியும். ஆக, வானம் முழுவதும் இந்த ஜன்னலுக்குள் அடங்காது. கெயினைத் திருப்பும்போது ஜன்னலின் உயரம் மாறுவதில்லை. அதை மேலும் கீழும் நகர்த்துகிறோம், அவ்வளவுதான்.

ஒரே விமானத்தைப் பின்தொடர்ந்தால் இது கண்ணெதிரே நடக்கும். மென்பொருள் ஒவ்வொரு விமானத்தின் சிக்னல் வலிமையையும் காட்டும். முழு அளவு பூஜ்யம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. 300 கிலோமீட்டரில் மைனஸ் 25 டெசிபல் என்று தெரிந்தால், கணக்குப்படி 150-இல் மைனஸ் 19, 75-இல் மைனஸ் 13, 37-இல் மைனஸ் 7, 18-இல் மைனஸ் 1. அதற்குமேல் ஏற இடமில்லை. 11 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும் விமானம் அந்த 11 கிலோமீட்டரைவிட அருகே வரவே முடியாது என்பதால் கூரையைச் சற்றே முட்டினாலும் தப்பிவிடும். விமான நிலையத்தை ஒட்டி வசிப்பவர்களுக்குத்தான் தொல்லை.

கூரையில், அதாவது அந்த முழு அளவில், முட்டிய சிக்னல் உடனே செத்துவிடுவதில்லை. துடிப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதானே கேள்வி. தலை சற்று வெட்டுப்பட்டாலும் பதில் கிடைக்கும். அளவு மீறும்போதுதான் ஆபத்து. கட்டடங்களில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி, வெறுமையாக இருக்கவேண்டிய அரை மைக்ரோவினாடியில் வந்து விழும். மலையின் உச்சி வெட்டப்பட்டிருக்க, பள்ளம் மட்டும் உயர்ந்துகொண்டே போனால் 1 எது, 0 எது என்று பிரிக்க முடியாது. சரிபார்ப்புக்கான 24 பிட்கள் ஒத்துவராமல் செய்தி தள்ளப்படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. தலைக்கு மேலே மறையும் எல்லா விமானத்துக்கும் கெயின் காரணமில்லை. செங்குத்து ஆன்டெனாவுக்கு நேர் மேலே காது மந்தம்; அதன் கவனம் அடிவானத்தை நோக்கியது. மறைவதற்கு முன் வலிமை பூஜ்யத்தை நெருங்கியிருந்தால் கெயின் அதிகம். எண் சரிந்துகொண்டே போய் மறைந்தால் அது ஆன்டெனாவின் இயல்பு. இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் கெயினைத் தொடவேண்டாம் என்பேன்.

அப்படியென்றால் குறைத்துக்கொண்டே போகலாமா? அதற்கும் எல்லை உண்டு. ஆன்டெனாவிலிருந்து வரும் இரைச்சல் 256 படிகளில் ஓரிரண்டையாவது அசைக்கவேண்டும். அதற்கும் கீழே போனால் தொலைவிலுள்ள விமானம் படிகளுக்கிடையே விழுந்து காணாமல் போகும். இரைச்சல் அசையத் தொடங்கிய பிறகு கெயினைக் கூட்டுவதில் பெரிய லாபமில்லை. சிக்னல் உயரும் அளவுக்கு இரைச்சலும் உயரும்.

இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முதல் பெருக்கியே தீர்மானித்துவிடுகிறது. 1944-இல் ரேடியோ பொறியாளர் ஹரால்ட் ஃப்ரீஸ் இதற்கான சூத்திரத்தைத் தந்தார். அதனால்தான் தன் பங்குக்கு அதிக இரைச்சல் சேர்க்காத தனிப் பெருக்கியைக் கேபிளின் கீழ் முனையில் வைக்காமல் ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்கவேண்டும். மெல்லிய கேபிள் பத்து மீட்டர் ஓடினால் 1090 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல் வழியிலேயே கரையும். கரைந்த பிறகு பெருக்கி என்ன பயன்? மேலே பெருக்கி வந்துவிட்டால் ட்யூனரின் கெயினை அதற்கேற்பக் குறைக்க மறக்கக்கூடாது. பக்கத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் கோபுரம் இருந்தால் வடிகட்டியும் வேண்டும். நாம் கேட்காத சிக்னலும் பெருக்கியைத் திணறடிக்கும்.

தானியங்கி கெயினை நான் நம்புவதில்லை. 120 மைக்ரோவினாடியில் வந்து போகும் சிக்னலுக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொள்வதற்குள் அடுத்த விமானத்தின் செய்தி வந்துவிடும்.

கையால் திருத்துவது பொறுமை கேட்கும் வேலை. பரவலாகப் பயன்படும் ஆர்820டி ட்யூனரில் 0 முதல் 49.6 வரை 29 நிலைகள். மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஒவ்வொரு நிலையையும் முழு நாள் ஓடவிட்டு, வேறு வாரத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுங்கள். போக்குவரத்து நேரத்துக்கு நேரம் மாறுவதால் பத்து நிமிட ஒப்பீடு ஏமாற்றும். மொத்தச் செய்திகளின் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். அருகிலுள்ள நான்கு விமானங்களே அதை ஊதிப் பெருக்கிவிடும். இடம் தெரிந்த விமானங்கள் எத்தனை, எட்டிய தூரம் எவ்வளவு, மைனஸ் 3-ஐத் தாண்டிய செய்திகள் நூற்றுக்கு எத்தனை என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். மூன்றாவது எண் ஐந்துக்குள் இருப்பது நல்லது.

என் நிலையத்தில் 49.6-இலிருந்து இறங்கி 38.6-இல் நிறுத்தினேன். தொலைதூர எல்லை ஒரு கிலோமீட்டர்கூடச் சுருங்கவில்லை. சக்கரம் இறக்கிய விமானம் இப்போது ஓடுபாதையை நெருங்கும்வரை திரையில் தெரிகிறது.