இயங்குபடமா, அசைவூட்டமா?

அனிமேஷன் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'இயங்குபடம்' என்று எழுதுகிறார்கள். இந்த வாரம் படித்த ஒரே விமர்சனத்தில் ஏழு முறை வந்தது. அந்தச் சொல் தவறு.

மூலத்தை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். உயிர் கொடுப்பது என்ற பொருளில் அதிலிருந்து வந்தது அனிமேஷன். அவ்வளவுதான்.

சரி, இயங்குபடம்? வினைத்தொகை. இயங்கிய படம், இயங்குகிற படம், இயங்கும் படம். எந்தப் படம்தான் இயங்கவில்லை? 'சினிமா'வே அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மூவி'யும் அதே கதைதான். நடிகர்களை வைத்து எடுத்த படமும் இயங்குபடமே. எதையும் பிரித்துக் காட்டாத சொல் கலைச்சொல்லாக இருந்து என்ன பயன்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இயங்குவது என்றாலே தானாக இயங்குவது போல ஒலிக்கிறது. இங்கே எதுவும் தானாக அசைவதில்லை. திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. கையால் வரையும்போது ஓர் ஓவியத்தைப் பெரும்பாலும் இரண்டு சட்டகங்களுக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில், ஒரு சிறுமி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொள்ளும் இரண்டே வினாடிக்கு அந்தக் கையை 24 முறை வரைய வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே சட்டென்று விலகுகிறது என்பதெல்லாம் வரைகிறவரின் முடிவு. களிமண் உருவம் என்றால் துளித்துளியாக நகர்த்தி நகர்த்திப் படமெடுக்க வேண்டும். அசைவை ஒருவர் ஊட்டுகிறார். அதனால் 'அசைவூட்டம்'தான் சரி. 'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு'. நினைவூட்டு, வண்ணமூட்டு எல்லாம் அந்த வழியில் வந்தவை. உயிரூட்டம் என்பது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். ஆனால் நல்ல நடிப்பைப் பார்த்து 'பாத்திரத்துக்கு உயிரூட்டினார்' என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் வரும். அசைவூட்டம் நாக்கில் வரவில்லை என்றால் அனிமேஷன் என்றே எழுதுங்கள், பரவாயில்லை.

வரைந்தவரின் கை சொல்லிலேயே இல்லாததால் விமர்சனத்திலும் அது காணாமல் போகிறது. கதைச் சுருக்கம், குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி, மதிப்பெண், முடிந்தது.

அப்புறம் விமர்சனங்களில் வரும் இன்னொரு சொல், 'குடும்பப் படம்'. ஆங்கிலத்தில் 'ஃபேமிலி ஃபிலிம்' என்றால் எல்லா வயதினரும் சேர்ந்து பார்க்கும் படம். தமிழில் குடும்பத்தின் பாசத்தையும் சண்டையையும் பேசும் படம். மொழிபெயர்ப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாட்டா 1988இல் எடுத்த 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' என்ற அனிமேஷன் படம், போரில் தாயை இழந்த ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியில் மடிவதைக் காட்டுகிறது. தமிழ்ப் பொருளில் அதைக் குடும்பப் படம் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தச் சொல்லை நம்பி ஐந்து வயதுக் குழந்தையை அதன் முன்னால் உட்காரவைக்க முடியுமா? 'எல்லா வயதினரும் பார்க்கலாம்' என்பது மூன்றே சொல். எழுதலாமே.