பழைய செட்டில் ப்ளூடூத்: வாங்கும் முன், கழற்றும் முன்

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், கேசட் செட் ஆகியவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வருபவர்களில் பலர் இப்போது ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணே, செட்டு நல்லாத்தான் பாடுது. ஆனா போன்ல இருந்து பாட்டு போட முடியல. ப்ளூடூத் வச்சுத் தர முடியுமா, இல்ல எடைக்குப் போட்டுடவா?" அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அய்வா, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கென்வுட், கல்யாணச் சீராக வந்த பிலிப்ஸ், ஒரு ஜோடி சோனோடைன் பெட்டிகள் என்று நல்ல பொருட்கள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்கின்றன.

எடைக்குப் போடாதீர்கள். அதே கனத்தில் மரப்பெட்டியும், அதே அளவு காந்தமும் உள்ள ஸ்பீக்கரை இன்று புதிதாக வாங்கப் போனால் விலை எங்கேயோ நிற்கும். ப்ளூடூத் என்ற பெயரில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, எட்டு அங்குல ஊஃபர் தரும் தவில் அடியைத் தராது.

ஸ்பீக்கருக்குப் பாட்டு கேசட்டிலிருந்து வருகிறதா, இணையத்திலிருந்து வருகிறதா என்பது தெரியாது. ஆம்ப்ளிஃபையர் அனுப்பும் மின்னோட்டத்துக்கு ஏற்ப உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அசையும், அதோடு ஒட்டிய கூம்பு (கோன்) காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். ஆகவே ஸ்பீக்கரில் மாற்ற ஒன்றுமில்லை. போனிலிருந்தோ இணையத்திலிருந்தோ பாட்டை வாங்கித் தரும் ஒரு சின்ன ரிசீவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வர வேண்டும். அந்த ரிசீவர் செட்டுக்கு வெளியே, ஒரு ஒயரில் தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே போகக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான்.

ஏன் என்றால், இரண்டுக்கும் ஆயுள் வேறு. ரப்பர் அல்லது துணி விளிம்பு உள்ள ஸ்பீக்கர் நாற்பது ஆண்டு தாண்டியும் பாடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபையரும் நடுவில் ஒருமுறை கண்டன்சர்களை மாற்றினால் அப்படித்தான். பாட்டை இணையத்திலிருந்து இழுத்துத் தரும் கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ இதே வேலைக்கென்று 2015இல் வந்தது. 2019 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நேரத்தில் முடங்கின. கூகுள் புது மென்பொருள் அனுப்பிய பிறகுதான் உயிர் வந்தது. வைஃபையில் வரும் பாட்டை செட்டுக்குக் கொடுத்த ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 2018இல் நின்றது. வைஃபை ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் நிறுவனம் தன் பழைய மாடல்களுக்குப் புது வசதிகள் தருவதை 2020 மே மாதத்தோடு நிறுத்தியது. இவை எதிலும் ஒரு ரெசிஸ்டர்கூடப் புகையவில்லை. எங்கோ இருக்கும் நிறுவனம் எடுத்த முடிவு, அல்லது காலாவதியான ஒரு சான்றிதழ்.

ரிசீவர் வெளியே இருந்தால் இப்படி நடக்கும்போது ஒரு ஒயரைப் பிடுங்கி வேறொன்றில் செருகுவீர்கள், செட்டுக்கு எதுவும் ஆகாது. உள்ளே பதித்திருந்தால் மறுபடி கழற்ற வேண்டும், மறுபடி சால்டர் வைக்க வேண்டும்.

ஆனால் கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. சென்னை ரிச்சி தெருவில் ப்ளூடூத், யுஎஸ்பி, எஃப்எம் மூன்றும் சேர்ந்த போர்டு ரிமோட்டோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செட்டின் கேசட் கதவைக் கழற்றி, உள்ளிருக்கும் டெக்கை எடுத்துப் போட்டுவிட்டு, முகப்பை அறுத்து அந்த போர்டைப் பொருத்திவிடுகிறார்கள். முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் பாட்டு நிற்கும் இடைவெளியில் ஒரு மெல்லிய இரைச்சல், போன் இணையும்போது "டிக் டிக்" என்ற சத்தம். போர்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டை ஆம்ப்ளிஃபையரின் சொந்த சப்ளையிலிருந்தே ஒரு 7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் சிப்) வைத்து எடுத்திருப்பார்கள். ப்ளூடூத் சிப் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் குடிக்கும். அந்தத் துடிப்பு பொதுவான கிரவுண்ட் (பூஜ்ஜிய வோல்ட் ஒயர்) வழியாக ஆடியோ பாதையில் ஏறிவிடும். நாலு அடி தள்ளி நின்று கேட்டால் தெரியாது, ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்டால் தெரியும். ஒழுங்காகச் செய்வதென்றால் போர்டுக்குத் தனியாகப் பிரித்த சப்ளை கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன கன்வர்ட்டருக்கு ஆகும் செலவு பெரிதல்ல, ஆனாலும் பெரும்பாலோர் போடுவதில்லை.

சரி, வெளியே வைக்கும் ரிசீவரை எங்கே செருகுவது? செட்டின் பின்பக்கம் பாருங்கள். ஆக்ஸ், சிடி, டேப் இன் அல்லது டேப் பிளே, வீடியோ இன் என்று எது எழுதியிருந்தாலும் சரிதான். இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு சிக்னலுக்கானவை. ரிசீவரிலிருந்து அரை வோல்ட் முதல் 2 வோல்ட் வரை வரும், இந்த சாக்கெட்டுகள் அதைத் தாங்கும்.

போனோ என்று எழுதியிருக்கும் சாக்கெட்டைத் தொடாதீர்கள். அது இசைத்தட்டு பிளேயருக்கு உரியது. ஊசியிலிருந்து வரும் சிக்னல் ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான் என்பதால் உள்ளே பெருக்கம் மிக அதிகம். போதாக்குறைக்கு, தட்டில் பதிக்கும்போது குறைத்த பேஸை (அடித்தொனியை) அந்தச் சர்க்யூட் தூக்கிக் கொடுக்கும். அதில் ப்ளூடூத் ரிசீவரைச் செருகினால் கரகரவென்று அடைத்த சத்தம் வரும், வால்யூமைக் கூட்டினால் ட்வீட்டருக்கே (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கே) ஆபத்து. "ப்ளூடூத் வாங்கினேன், சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களின் செட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த சாக்கெட்டைத்தான்.

பழைய பிலிப்ஸ், கிரண்டிக் செட்டுகளில் ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் பதில் வட்டமாக ஐந்து ஓட்டை உள்ள டிஐஎன் (DIN) சாக்கெட் இருக்கும். அதற்கும் மாற்று ஒயர் கிடைக்கிறது. வாங்கும்போது "பிளேபேக் பக்கம் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். ரெக்கார்டிங் பக்கத்துக்குக் கட்டிய ஒயரும் பார்க்க அதே மாதிரி இருக்கும்.

சில செட்டில் பின்னால் எந்த இன்புட்டும் இருக்காது. அப்போது மெக்கானிக்கிடம் "ப்ளூடூத் வைத்துத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "ஒரு ஆக்ஸ் சாக்கெட் மட்டும் வைத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். ஃபங்ஷன் சுவிட்சில் டேப் அல்லது டியூனர் வரும் இடத்தில் ஒயர் எடுத்துப் பின்பக்கம் ஒரு சாக்கெட் பொருத்துவது அரை நாள் வேலைகூட இல்லை. நாளை எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அந்த சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். நல்ல நிலையில் கேசட் டெக் இருந்தால் கேசட் வடிவிலான அடாப்டர் போதும், செட்டைத் திறக்கவே வேண்டாம்.

மோனோ செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசீவரின் இடது, வலது இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் பாடகர் குரல் கேட்கும், இடையிசையில் பாதி வாத்தியம் காணாமல் போகும். ஸ்டீரியோவில் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பதிவு செய்தவை அவை. இரண்டு ஒயரையும் நேரே முறுக்கி ஒட்டுவதும் தவறு, ரிசீவரின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆளுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அப்புறம் சேர்க்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது, ஸ்பீக்கர் பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பவர்கள் நிறைய. அவர்கள் ரிசீவரை நேரே ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டக் கூடாது. சத்தம் வராது, வந்தாலும் கொசு பாடும் அளவுக்குத்தான் வரும், ரிசீவரின் அவுட்புட்டுக்கும் கேடு. ப்ளூடூத்தோடு வரும் சின்ன கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம். பெட்டி மேல் 100 வாட்ஸ், 200 வாட்ஸ் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, கூட வரும் அடாப்டரின் வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் கணக்குப்படி ஒரு சேனலுக்கு 9 வாட்ஸ்தான் கறை இல்லாமல் வரும். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். 24 வோல்ட் கொடுத்தால் அதே ஸ்பீக்கரில் 30 வாட்ஸை நெருங்கலாம். போர்டு அந்த வோல்ட்டைத் தாங்குமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண வரவேற்பறைக்கு 9 வாட்ஸே தாராளம் என்பதும் உண்மைதான். எண்ணைப் பார்த்துப் பணத்தை விடாதீர்கள்.

இந்த ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும், மைனஸ் என்பது கிரவுண்ட் அல்ல. பழைய கேபினெட்டுகளில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒரே ஒயரில் சேர்த்திருப்பார்கள். அப்படியே மாட்டினால் போர்டு சூடாகிக் கட் ஆகும், அல்லது போயே போய்விடும். முதலில் நாலு ஒயராகப் பிரியுங்கள்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. ஸ்பீக்கர் முன்துணியைக் கழற்றிக் கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பாக இருந்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். உதிர்ந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை, ரிசீவர் அப்புறம். கோனும் காயிலும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம். "முழு ஸ்பீக்கரும் போச்சு" என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ப்ளூடூத்தா, வைஃபையா? ப்ளூடூத் மலிவு, எந்தப் போனிலும் வேலை செய்யும். ஆனால் பாட்டு உங்கள் போன் வழியாகத்தான் போகிறது. போன் வந்தால் பாட்டு நிற்கும், நீங்கள் மாடிக்குப் போனால் அறுபடும், நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால் சொல்லும் 10 மீட்டரும் கிடைக்காது. வைஃபை ரிசீவர் இணையத்திலிருந்து தானே பாட்டை எடுக்கும், போன் வெறும் ரிமோட். வீட்டில் பல பேர் கேட்பதென்றால் வைஃபைக்கே என் ஓட்டு. தரத்தைப் பற்றிய சண்டையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் (கோடெக்) எல்டாக் 990 வரை போகும், சாதாரண எஸ்பிசி பெரும்பாலும் 328இல் நிற்கும். ஐபோனில் எல்டாக் கிடையாது, அதனால் ஐபோன் வீட்டில் அதற்கென்று அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. போனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக் குறைத்தால் இரைச்சல் குறையும். கோடெக் மாற்றுவதைவிட இந்தப் பழக்கத்தில் காதுக்கு அதிக லாபம்.

மின்சாரத்தில் விளையாடக் கூடாது. ரிசீவர் மாட்டிய பிறகு "ம்ம்ம்" என்ற ஹம் வந்தால், பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹம் போகும், கூடவே உயிர்ப் பாதுகாப்பும் போகும். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பொருள் கிடைக்கிறது, அதை ஆடியோ ஒயரின் நடுவில் போடுங்கள். ரிசீவருக்குக் கொடுக்கும் சார்ஜரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நாள் முழுக்க செருகியே இருக்கப் போகும் பொருள் அது. பழைய போனையே ஆக்ஸில் செருகி நிரந்தர பிளேயராக வைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். டைமர் பிளக் போட்டு தினமும் கொஞ்ச நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள், முதுகு தூக்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

வால்வு ரேடியோ வைத்திருப்பவர்கள் மட்டும் இவற்றில் எதையும் தாங்களாகச் செய்ய வேண்டாம். பின்னால் இசைத்தட்டு பிளேயருக்கான பிக்அப் சாக்கெட் இருக்கிறதே என்று ப்ளூடூத் ஒயரைச் செருகத் தோன்றும். அந்தக் காலத்தில் சில ஊர்களில் டிசி மின்சாரம் இருந்ததால், டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இரண்டிலும் ஓடும் ஏசி–டிசி மாடல்களைச் செய்தார்கள். அவற்றின் சேசிஸ் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட் உங்கள் ஆடியோ ஒயரின் உறையிலும், அதன் வழியாகக் கையிலிருக்கும் போனிலும் வந்து நிற்க வாய்ப்புண்டு. வால்வுகளின் பெயர் ஆங்கில யு எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அந்த வகைதான். வால்வு வேலை தெரிந்தவரிடம் காட்டி, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, லீக்கேஜ் (மின்கசிவு) அளந்து பார்த்த பிறகு மாட்டுங்கள். அதுவரை பிளக்கை சுவரில் செருகவே வேண்டாம்.